412, 335, 268: என் இடது கண்ணை அளந்த ஸ்கேன்

சிவகாசியில் ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறேன். நாலு கலர் மெஷின், 17 வருஷ சர்வீஸ். ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பம் வெளியானால் மார்கழி வரைக்கும் எங்களுக்கு இரவு பகல் தெரியாது. ஓடுகிற மெஷினிலிருந்து ஒரு ஷீட்டை உருவி, லூப் என்ற சின்னப் பூதக்கண்ணாடியை அதன்மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு புள்ளி புள்ளியாகப் பார்க்க வேண்டும். நான் லூப்பில் பார்ப்பது இடது கண்ணால். வியாதி வந்ததும் அதே கண்ணில்தான்.

கண்ணுக்குள் வரும் அழற்சியை ஸ்கேன் போட்டு அளக்கிறார்களே, அதைக் காசு கொடுத்து அனுபவித்தவன் எழுதும் விமர்சனம் இது. 2023லிருந்து 11 தடவை ஓசிடி (ஒளியைப் பாய்ச்சி விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் எடுக்கும் ஸ்கேன்), ஒரு தடவை சாய ஊசி போட்டு ஆஞ்சியோ, இரண்டு தடவை கண்ணின் முன்பக்க ஸ்கேன். எல்லாம் மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில், ஒரே ஒரு தடவை மட்டும் எங்கள் ஊர்ப்பக்கத்து ஸ்கேன் சென்டரில். பெயர் வேண்டாம். எங்கே எடுத்தாலும் இந்தச் சங்கடங்கள் வரும், இந்தப் பலனும் கிடைக்கும்.

முதலில் வியாதி. 2021 ஐப்பசியில் ஒருநாள் கண் சிவந்தது. மெடிக்கலில் காட்டினேன். "மெட்ராஸ் ஐண்ணே, ஊர் பூரா இருக்கு" என்று ஒரு சொட்டு மருந்தை நீட்டினார்கள். ஐந்து நாள் விட்டேன். மெட்ராஸ் ஐ என்றால் பீளை தள்ளும். எனக்குப் பீளையே இல்லை. உள்ளேயிருந்து வலித்தது, டியூப் லைட்டைப் பார்த்தால் நெற்றி வரைக்கும் குத்தியது. ஆறாம் நாள் கண் டாக்டரிடம் போனபோது, கண்ணின் பாப்பாவைச் சுற்றியிருக்கும் கருந்திரை ஒரு பக்கம் பின்னாலிருக்கும் லென்ஸோடு ஒட்டியிருந்தது. சொட்டு விட்டுப் பாப்பாவை விரிக்கப் பார்த்தார்கள். வட்டமாக விரியாமல் கடித்த அப்பளம் மாதிரி விரிந்தது. அந்த ஐந்து நாளின் தழும்பு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் டெக்னீஷியன் கூடக் கொஞ்சம் பாடுபடுவது அதனால்தான்.

யுவியைட்டிஸ் என்றார் டாக்டர். விழியின் நடு அடுக்கில் வரும் அழற்சி, எனக்கு முன்பக்கத்தில். முதுகு வலி உண்டா, வாய்ப்புண் வருமா, வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா, குளத்தில் குளிப்பீர்களா, வெள்ளத்தில் நடந்தீர்களா என்று வரிசையாகக் கேட்டார். கண்வலிக்கும் குளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். சம்பந்தம் இருக்கிறது. குளத்து நீரில் குளிக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒருவகைப் புழுவால் கண்ணுக்குள் கட்டி வருகிறது. 1993ல் மதுரையில் வெள்ளம் வந்து எலிக்காய்ச்சல் பரவியபோது, அதன் பின்விளைவாகப் பலருக்கு இந்த அழற்சி வந்தது மருத்துவ இதழிலேயே பதிவாகியிருக்கிறது. என் விஷயத்தில் முதுகுதான் காட்டிக்கொடுத்தது. காலையில் எழுந்தால் இடுப்பு அரைமணி நேரம் மரக்கட்டையாக இருக்கும். மெஷின் பக்கத்தில் நின்று நின்று வந்தது என்று வருஷக்கணக்காக நினைத்திருந்தேன். ரத்தத்தில் எச்எல்ஏ-பி27 பாசிட்டிவ். இந்த மாதிரி முதுகு வாதத்தோடும் கண் அழற்சியோடும் சேர்ந்து வரும் மரபணு அடையாளம் அது.

அந்த முதல் நாள் கேஸ் ஷீட்டில் "செல்ஸ் 3+" என்று எழுதியிருந்தது. அது என்ன என்று கேட்டேன். ஓட்டு வீட்டில் கண்ணாடி ஓடு வழியாக வெயில் கம்பி மாதிரி இறங்குமே, அதில் தூசி மிதப்பது தெரியுமே, அதைத்தான் ஸ்லிட் லேம்ப் என்ற மெல்லிய வெளிச்சக் கீற்று விளக்கில் பார்க்கிறோம் என்றார். கருவிழிக்குப் பின்னால் இருக்கும் நீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்க வேண்டும். அழற்சி வந்தால் வெள்ளை அணுக்கள் அதில் மிதக்கும். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் வெளிச்சத்தைப் பாய்ச்சி எண்ண வேண்டும். 6 முதல் 15 வரை என்றால் 1+, 16 முதல் 25 வரை 2+, 26 முதல் 50 வரை 3+, அதற்கு மேல் 4+. உலகத்துக்கே பொதுவாக இந்தக் கணக்கை 2005ல் வகுத்தார்கள். தூசியோடு சாம்பிராணிப் புகை மாதிரி ஒரு மங்கலும் தெரிந்தால் அது ரத்தக் குழாயிலிருந்து கசிந்த புரதம், அதற்குப் பெயர் ஃப்ளேர். அதற்கும் தனியாக பிளஸ் மார்க்.

எனக்கு அப்போதே ஒரு நெருடல். எண்ணுகிறவர் மனிதர். நகர்ந்துகொண்டே இருக்கும் பொடிகளை, கண் கூசுகிற ஒருவனின் கண்ணில், பின்னால் ஐம்பது பேர் டோக்கனோடு காத்திருக்கும்போது எண்ணுகிறார். 15க்கும் 16க்கும் நடுவில் ஒரு பிளஸ் மாறிப்போகிறது. எங்கள் தொழிலில் பழைய மாஸ்டர்கள் ஷீட்டைத் தூக்கிப் பிடித்து "மெஜந்தா ஒரு நூல் தூக்கல்" என்பார்கள். தப்பாகச் சொல்ல மாட்டார்கள், ஆனால் இரண்டு மாஸ்டரைக் கூப்பிட்டால் இரண்டு நூல் வரும். மையின் அடர்த்தியை எண்ணாகக் காட்டும் டென்சிட்டோமீட்டர் வந்த பிறகுதான் அந்தச் சண்டை குறைந்தது.

அதற்காகக் கண்ணால் பார்ப்பதை மட்டமாகச் சொல்லவில்லை. அழற்சியை அடக்க நான் இப்போது வாரம் ஒருநாள் சாப்பிடும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை இன்னொரு மருந்தோடு ஒப்பிட்டு, இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 216 யுவியைட்டிஸ் நோயாளிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2019ல் முடிவு வந்தது. அவர்களுக்கு வந்தது வேறு வகை யுவியைட்டிஸ். ஆனால் அங்கேயும் மருந்து கேட்டதா இல்லையா என்பதற்கு டாக்டர் விளக்கில் பார்த்துப் போட்ட பிளஸ் மார்க் ஒரு முக்கியமான அளவுகோல்.

சரி, ஸ்கேனுக்கு வருகிறேன். 2023 ஆவணி. நாலாவது தடவை கண் சிவந்தது, வழக்கம்போல ஸ்டீராய்டு சொட்டு விட்டேன், இரண்டு வாரத்தில் சிவப்பு போய்விட்டது. வலியும் இல்லை. வேலைக்குப் போனேன். தினசரி காலண்டருக்கு அட்டை ஓடிக்கொண்டிருந்தது. கலர்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுகிறதா என்று காட்டும் ரிஜிஸ்டர் மார்க்கை லூப் வைத்துப் பார்த்தால், அந்தச் சிலுவைக் கோடு நடுவில் வளைந்து தெரிந்தது. பிளேட் கோளாறு என்று நினைத்து மெஷினை நிறுத்தச் சொன்னேன். ஹெல்ப்பர் பையன் பார்த்துவிட்டு, "கோடு நேராத்தானண்ணே இருக்கு" என்றான். வலது கண்ணால் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது.

மறுநாள் முதல் பஸ். மாட்டுத்தாவணியில் இறங்கி, எட்டு மணிக்கு டோக்கன். சொட்டு விட்டு ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார வைத்தார்கள். ஓசிடி அறை சின்னது, இருட்டு, ஏசி குளிர். முகவாயைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி, உள்ளே தெரியும் பச்சை நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். ஒரு சிவப்புக் கோடு மேலிருந்து கீழே ஓடும். "சிமிட்டிக்கங்க சார்... இப்ப சிமிட்டாதீங்க" என்று அந்தத் தங்கச்சி சொல்லி முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. கண்ணில் எதுவும் படாது, ஊசி இல்லை, எரிச்சல் இல்லை. பயப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: சொட்டு மருந்து எரிகிற அளவுக்குக்கூட ஸ்கேன் எரியாது.

டாக்டரம்மா திரையில் காட்டினார். வலது கண்ணின் விழித்திரை நடுவில் மெல்லிய பள்ளத்தோடு அடுக்கடுக்காக, நேர்த்தியாக வெட்டிய அட்டைக்கட்டு மாதிரி இருந்தது. இடது கண்ணில் பள்ளத்தைக் காணோம். அந்த இடம் மேடாகி, உள்ளே கறுப்பாக மூன்று நாலு ஓட்டைகள். "நீர் கோத்திருக்கு. முன்னாடி வந்த அழற்சி பின்னாடி வரைக்கும் போயிருக்கு. கண்ணு வெளிய வெள்ளையாத்தான் இருக்கும், உங்களுக்குத் தெரியாது" என்றார். நடுப்பகுதித் தடிமன், வலது 261 மைக்ரான், இடது 412.

மைக்ரான் என்றதும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. நாங்கள் பேப்பரைத் தினமும் மைக்ரானில் அளக்கிறவர்கள். ஒரு 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ ஷீட் ஏறக்குறைய 100 மைக்ரான். விழித்திரையின் நடுப்பகுதி இரண்டரை ஷீட் தடிமன் இருக்க வேண்டும். எனக்கு நாலு ஷீட் ஆகியிருந்தது. மழைக்காலத்தில் ஈரம் குடித்த கட்டு ஃபீடரில் ஏறாமல் உப்பி நிற்குமே, அதேதான். வாழ்க்கையில் முதல் தடவையாக என் வியாதியை என் கைக்குப் பழகிய அளவில் பார்த்தேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக மட்டுமே 1,500 ரூபாய் கொடுக்கலாம்.

இது எப்படி அளக்கிறது என்று பிற்பாடு தேடிப் படித்தேன். வயிற்று ஸ்கேனில் ஒலியை அனுப்பி எதிரொலி திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கிறார்கள். இதில் ஒலிக்குப் பதில் அகச்சிவப்பு ஒளி. ஆனால் ஒளியின் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் கடிகாரம் கிடையாது. அதனால் ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கண்ணுக்கும் இன்னொன்றை ஒரு கண்ணாடிக்கும் அனுப்பி, திரும்பி வரும் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். ஸ்கிரீன் கோணம் கொஞ்சம் தப்பினால் இரண்டு கலரும் சேர்ந்து மொய்ரே கோலம் விழுமே, நாங்கள் தலையில் அடித்துக்கொள்வோமே, ஏறக்குறைய அந்த மாதிரி ஒரு கோலம் விழும். அந்தக் கோலத்திலிருந்து ஆழத்தைக் கணக்குப் போடுகிறது மெஷின். அமெரிக்காவில் எம்ஐடி ஆய்வகத்தில் ஃபுஜிமோட்டோ என்பவர் குழு 1991ல் இதை வெளியிட்டது. இன்றைய மெஷின்கள் ஐந்தாறு மைக்ரான் வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டுகின்றன. எனக்குத் தொழிலில் தொல்லையாகத் தெரிந்த ஒன்று வேறொருவருக்கு அளவுகோலாகியிருக்கிறது.

ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தார்கள். ஐந்து வாரம் கழித்து 335. இங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன்.

சீசன் நேரம், லீவு கிடைக்கவில்லை. அடுத்த ஸ்கேனை ஊர்ப்பக்கத்துச் சென்டரில் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிடலாம், ஒருநாள் கூலி மிச்சம் என்று கணக்குப் போட்டேன். மூன்று வாரம் கழித்து எடுத்தேன். 361 என்று வந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. 335லிருந்து ஏறியிருக்கிறது என்றால் மருந்து கேட்கவில்லை என்றுதானே அர்த்தம்? சென்டரில் கேட்டேன், "ரிப்போர்ட்ல உள்ளதுதாங்க, டாக்டர்ட்ட காட்டுங்க" என்றார்கள். அன்று ராத்திரி மாத்திரையை நானே கூட்டிப் போட்டுக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். வீட்டம்மா மாத்திரை டப்பாவை எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள். நாலாம் நாள் மதுரை போனேன். அதே பழைய மெஷின். 322.

ஏறவே இல்லை, இறங்கித்தான் இருக்கிறது. வித்தியாசம் மெஷினில். விழித்திரையின் தடிமன் என்றால் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில் உள்ள தூரம். மேல்கோடு எங்கே என்பதில் சண்டை இல்லை. கீழ்க்கோட்டை ஒரு கம்பெனி மெஷின் ஒரு அடுக்கில் போடும், இன்னொரு கம்பெனி மெஷின் அதற்கும் கீழே உள்ள அடுக்கில் போடும். அதனால் நல்ல கண்ணுக்கே இரண்டு மெஷினில் இரண்டு எண் வரும். எங்கள் டென்சிட்டோமீட்டரிலும் இதே கதை உண்டு: ஸ்டேட்டஸ் டி, ஸ்டேட்டஸ் ஈ என்று இரண்டு செட்டிங், ஒரே மஞ்சளுக்கு இரண்டு எண் காட்டும். 17 வருஷமாக அது தெரிந்தவன், தன் கண் என்று வந்ததும் மறந்துவிட்டேன். அந்தச் சென்டர்மேல் என் வருத்தம் மெஷினைப் பற்றி இல்லை. "முன்னாடி எங்க எடுத்தீங்க, என்ன மெஷின்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அல்லது ரிப்போர்ட் கொடுக்கும்போது சொல்லியிருக்கலாம். பணம் வாங்கிக்கொண்டு எண்ணை மட்டும் கையில் கொடுப்பது பாதி வேலை.

மதுரை ஆஸ்பத்திரி மேலும் ஒரு குறை உண்டு. இதைக் கண் டாக்டர் யாரும் எழுதியிருக்க மாட்டார், அச்சுக்காரன்தான் எழுத முடியும். ஓசிடி ரிப்போர்ட்டில் ஒரு கலர் படம் வரும். விழித்திரையை மேலிருந்து பார்த்த தடிமன் வரைபடம். மெல்லிய இடம் நீலம், பச்சை. தடிமன் ஏற ஏற மஞ்சள், சிவப்பு, கடைசியில் வெள்ளை. ஆறாவது தடவை வாங்கிய பிரிண்டில் சிவப்பே இல்லை, நடுவில் மஞ்சள்தான். குணமாகிவிட்டது என்று சந்தோஷமாக வெளியே வந்தேன். டீ குடிக்கும்போது ஆஸ்பத்திரி லோகோவைப் பார்த்தேன். வழக்கமாகச் சிவப்பாக இருக்கும் லோகோ, அதுவும் மஞ்சள். பிரிண்டரில் மெஜந்தா தீர்ந்துபோயிருக்கிறது! மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்தால்தான் சிவப்பு. ஒன்று இல்லையென்றால் மிச்சம் மஞ்சள். திரும்பிப் போய்ச் சொன்னேன். கவுன்டரில் இருந்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். உள்ளே கூப்பிட்டுத் திரையில் காட்டச் சொன்னேன். நடுவில் ஒரு ஓரம் நல்ல சிவப்பு. டாக்டர் திரையில் பார்ப்பதால் வைத்தியம் தப்பவில்லை. ஆனால் வீட்டுக்கு எடுத்துப்போகிற நோயாளிக்கு அந்தத் தாள்தான் எல்லாம். அதற்குப் பிறகு பிரிண்டோடு செல்போனிலும் படத்தை வாங்கிக்கொள்கிறேன். கேட்டால் கொடுக்கிறார்கள்.

அந்தத் தாளில் இன்னும் இரண்டு விஷயம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஒன்று சிக்னல் எண். எனக்கு எடுக்கும் மெஷினில் 10க்கு 6க்குக் கீழே போனால் அந்தப் படத்தை நம்பக்கூடாது என்பது கணக்கு. கண்ணுக்குள் மங்கல் இருந்தாலோ, என்னை மாதிரிப் பாப்பா சரியாக விரியாவிட்டாலோ எண் குறையும். இன்னொன்று, மெஷின் தானாக வரையும் கோடு அடுக்கின்மேல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பது. ஒரு தடவை கீழ்க்கோடு ஒரு ஓட்டைக்குள் சரிந்து ஓடியிருந்தது. அப்படிக் கோடு சரிந்தால் தடிமனும் தப்பு. டெக்னீஷியன் தங்கச்சியே கண்டுபிடித்து, "சார், ஒரு நிமிசம், மறுபடி எடுத்துருவோம்" என்றது. அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு எத்தனை ஸ்டார் வேண்டுமானாலும் போடலாம்.

ஆஞ்சியோ பற்றிச் சுருக்கமாக. கையில் நரம்பு பிடித்து மஞ்சள் சாயம் ஏற்றி, அது கண்ணுக்குப் போவதைத் தொடர்ந்து படம் எடுக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு செகண்டில் சாயம் கண்ணுக்கு வந்துவிடுகிறது. எனக்கு ஒரு நிமிஷம் குமட்டல், அப்புறம் சரியாகிவிட்டது. சாயங்காலம் வரை மூத்திரம் மஞ்சளாகப் போகும், முகமும் மஞ்சள் பூசின மாதிரி இருக்கும், முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். அலர்ஜி இருக்கிறவர்கள் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். இதை 1961ல் அமெரிக்காவில் இரண்டு மருத்துவ மாணவர்கள் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவர் தன் கண்ணிலேயே முதலில் சோதித்துப் பார்த்தாராம்! என் படத்தில், நியூஸ்பிரிண்ட்டில் மை ஊறுகிற மாதிரி சாயம் நடுவில் கசிந்து பூவிதழ் வடிவில் தேங்கியிருந்தது. ஓசிடி எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று சொல்கிறது. எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று இது சொல்கிறது. ஆனால் இதில் எண் கிடையாது. கசிகிறது, குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். 2,200 ரூபாய். டாக்டர் அவசியம் என்று சொன்னால் எடுங்கள், நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டியது இல்லை.

இப்போது முக்கியமான விஷயம். 2024 மாசியில் என் எண் 268. பள்ளம் திரும்ப வந்துவிட்டது, ஓட்டைகள் இல்லை. வலது கண்ணுக்குச் சமமாக ஆகிவிட்டது என்று சிரித்துக்கொண்டே டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தேன். விளக்கில் பார்த்துவிட்டு, "முன்னாடி செல்ஸ் ஒன் பிளஸ் இருக்கு" என்றார். எனக்குக் கோபமே வந்தது. "ஸ்கேன்ல நார்மல்னு வந்திருக்கே மேடம்?" அவர் பொறுமையாகச் சொன்னார்: அந்த ஸ்கேன் கண்ணின் பின்பக்கத்தைப் பார்த்தது, அழற்சி முன்னறையில். வீட்டின் பின்கட்டில் தண்ணீர் வடிந்துவிட்டது என்றால் வாசலில் வடிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை.

அன்றுதான் முன்பக்க ஓசிடி எடுத்தார்கள். 900 ரூபாய். அதே மாதிரி மெஷின், ஃபோகஸ் மட்டும் முன்னால். கருவிழிக்குப் பின்னால் கறுப்பு வெளி, அதில் பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளிகள். கறுப்பு சாலிட் அடிக்கும்போது பிளாங்கெட்டில் தூசி ஒட்டினால் ஷீட்டில் வெள்ளையாகப் பொத்தல் விழுமே, அப்படியே. விளக்கில் டாக்டர் எண்ணுவதை நான் நம்ப வேண்டியிருந்தது; இதை நானே எண்ணினேன். ஒரு படத்தில் ஏழு. எட்டு வாரம் கழித்து எடுத்ததில் ஒன்று. விளக்கில் போடும் பிளஸ் மார்க்கும் இந்தப் புள்ளிக் கணக்கும் பெரும்பாலும் கூடவே ஏறி இறங்குகின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன. கருவிழி மங்கி விளக்கு வெளிச்சம் சரியாகப் போகாத கண்ணிலும் இதில் புள்ளி தெரியும், அது பெரிய லாபம். ஆனால் புள்ளி வெள்ளை அணுவா, கருந்திரையிலிருந்து உதிர்ந்த நிறத்துகளா என்று படம் பிரித்துச் சொல்லாது. அதற்கு டாக்டர் விளக்கில் பார்த்தே ஆக வேண்டும்.

சாம்பிராணிப் புகையை அளக்கவும் மெஷின் இருக்கிறதாம். லேசர் ஃப்ளேர் மீட்டர். ஜப்பானில் 1988ல் வந்தது, கோவா என்ற கம்பெனி செய்கிறது. ஊர்ப்பெயர் இல்லை, கம்பெனி பெயர். மெல்லிய லேசர் கற்றையை முன்னறை நீரில் பாய்ச்சி, புரதத்தில் பட்டுச் சிதறும் ஒளியை மில்லிசெகண்டுக்கு இத்தனை ஃபோட்டான் என்று எண்ணும். நல்ல கண்ணில் ஒற்றை இலக்கம்தான். நான் போகும் ஆஸ்பத்திரியில் இல்லை. இருந்தால் எடுத்திருப்பேன். புகையைக் கண்ணால் மதிப்பிடுவது தூசியை எண்ணுவதைவிடக் கஷ்டம் என்று டாக்டரம்மாவே ஒப்புக்கொள்கிறார்.

கண்ணின் நடுவில் இருக்கும் கூழ் மங்கினால் என்ன செய்வார்கள் என்றும் கேட்டேன். எனக்கு அது வரவில்லை, சும்மா ஆர்வம்தான். 1985லிருந்து ஒரு மாதிரிப் படத் தொகுப்பு இருக்கிறது. நோயாளியின் கண்ணை அந்தப் படங்களோடு ஒப்பிட்டு மார்க் போடுவார்களாம். அட, எங்கள் ஓகே ஷீட்! கஸ்டமர் கையெழுத்துப் போட்ட ஷீட்டைப் பக்கத்தில் மாட்டிவிட்டு ஓடுகிற ஷீட்டை அதோடு ஒப்பிடுவோம். 2014ல் லண்டனில் மூர்ஃபீல்ட்ஸ் ஆஸ்பத்திரிக்காரர்கள் இதற்கும் எண் கண்டுபிடித்தார்கள். சாதாரண ஓசிடி படத்திலேயே அந்தக் கூழ் எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்பதை, அடியில் உள்ள ஓர் அடுக்கின் வெளிச்சத்தோடு விகிதம் போடுகிறார்கள். பேப்பர் வெள்ளையை வைத்து மையை அளக்கிற புத்தி.

பணத்துக்குத் தகுந்த பலன் உண்டா என்றால், பின்பக்க ஓசிடிக்கு நான் யோசிக்காமல் ஆமாம் சொல்வேன். 2024 கார்த்திகையில் கண் வெள்ளை, வலி இல்லை, சார்ட்டில் கடைசி வரிக்கு முந்தின வரி வரை வாசித்தேன். மெத்தோட்ரெக்ஸேட் தொடர, ஸ்டீராய்டை நிறுத்திவிடலாம் என்ற கட்டம். ஸ்கேனில் எண் 281, பள்ளத்தின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு கறுப்பு. அதைப் பார்த்து நிறுத்துவதைத் தள்ளிப்போட்டு மெதுவாகக் குறைத்தார்கள். ஸ்கேன் இல்லாமல் இருந்திருந்தால் கோடு மறுபடி வளைந்த பிறகுதான் எனக்குத் தெரிந்திருக்கும். சீசன் நடுவில். முன்பக்க ஓசிடி எல்லோருக்கும் தேவைப்படாது. நல்ல டாக்டரும் விளக்கும் இருந்தால் போதும். என்னைப் போல எண்ணைப் பார்த்தால்தான் தூக்கம் வரும் ஆட்களுக்கு நிம்மதி. கண்ணின் பிரஷரை இந்த ஸ்கேன் சொல்லாது என்பதும் நினைவிருக்கட்டும். ஸ்டீராய்டால் எனக்கு ஒரு கட்டத்தில் 26 வரை ஏறியது, அதைத் தனியாகத்தான் பார்த்தார்கள்.

போகிறவர்கள் பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வரிசையில் கொண்டுபோங்கள். ஒரே மெஷினில் எடுங்கள். அது முடியாவிட்டால் மாறியதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். முன்பக்கமா பின்பக்கமா, எதை அளந்தார்கள் என்று கேளுங்கள். கறுப்புக் கண்ணாடி அவசியம், பைக்கில் போக வேண்டாம். சொட்டு விட்ட கண்ணோடு மாட்டுத்தாவணியில் ஒரு தடவை 500 ரூபாய் நோட்டை 50 என்று நினைத்து நீட்டினேன். கண்டக்டர் நல்ல மனுஷன், திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த ரிவ்யூ ஆடி 16. ஆல்பம் வெளியீட்டுக்கு இரண்டு நாள் முன்னால் லீவு கேட்டால் முதலாளி முறைப்பார். போன வருஷம் பழைய ரிப்போர்ட்டை மேஜையில் விரித்து, "இது உங்க மெஷின் மாதிரிதான் அண்ணாச்சி, அளக்காம ஓட்டினா சாயங்காலம் பூரா வேஸ்ட்டு ஷீட்டு" என்றேன். ஒரு நாள் கொடுத்தார். ராத்திரி ஷிஃப்டுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லி. சொட்டு விட்ட கண்ணோடு லூப்பில் எதைப் பார்ப்பது? அன்று ராத்திரி கலர் ஓகே பண்ணியது ஹெல்ப்பர் பையன்தான்.